ஏழு மாதமா, பன்னிரண்டு மாதமா?

கேள்வி: பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஐ.டி. வேலை. ஏழு மாதத்துக்கு முன் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் பன்னிரண்டு வாங்கி, ஆறு ஆறாக இரண்டு மைனிங் ரிக், அதாவது கிரிப்டோ நாணயம் எடுக்கும் கம்ப்யூட்டர், போட்டேன். கரண்ட் பில் ஓனர் பெயரில் வரும். ஒரு மாதம்கூட பாக்கி இல்லாமல் நானே கட்டினேன். கீழ் வீட்டுக்காரருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. ஃபேன் சத்தம் என்று சண்டை போட்டு, கடைசியில் மின் நிறுவனத்தில் புகார் கொடுத்துவிட்டார். சோதனைக்கு வந்தவர்கள் கன்னடத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. மூன்று நாள் முன்பு, 12 மாதத்துக்குக் கணக்குப் போட்டு 2,07,000 ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. அப்பா ஸ்தானத்தில் வைத்திருந்த ஓனர், “வீட்டைக் காலி பண்ணு, ஒன்றரை லட்சம் அட்வான்ஸும் கிடையாது” என்கிறார். மைனிங் செய்வது குற்றமா? இவர்கள் மூவர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: மைனிங் குற்றமில்லை. அதைக் குற்றம் என்று உங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. நோட்டீஸை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதில் கிரிப்டோவைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இருப்பது 2003-ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, அதாவது அனுமதியை மீறி மின்சாரம் பயன்படுத்தியதற்குக் கட்டணம் போடும் பிரிவு. கீழ் வீட்டுக்காரருடைய வயிற்றெரிச்சலையும் ஓனரின் பேச்சையும் ஓரமாக வையுங்கள். யார் புகார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று, இந்தத் தொகையைக் கணக்கிடும் மதிப்பீட்டு அதிகாரி கேட்கப் போவதில்லை.

அவர் பார்ப்பது இரண்டே விஷயம். வீட்டு இணைப்புக்கு அனுமதித்த லோடுக்கு (ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சார அளவுக்கு) மேல் ஓடியதா? ஓடியது என்றால், எப்போதிலிருந்து? முதல் கேள்வியில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். ஆறு கார்டு ரிக் ஒன்று, போர்டு, பவர் சப்ளையில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். இரண்டு ரிக் என்றால் இரண்டு கிலோவாட், அதுவும் இரவு பகலாக. சின்ன மாடி வீடுகளுக்குப் பொதுவாக இருக்கும் அனுமதி லோடு அதோடு தீர்ந்துவிடும். கீஸர், ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அதற்கு மேல்தான். அனுமதித்த லோடைத் தாண்டி இழுப்பதும் 126-க்குள் வரும் என்று சீதாராம் ரைஸ் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிப் பல வருடமாகிவிட்டது.

“யூனிட்டுக்கெல்லாம் பணம் கட்டினேனே” என்பது இங்கே செல்லாது. 126-இல் திருட்டு எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. பில் ஓனர் பெயரில் இருப்பதும் உதவாது. இடத்தை யார் அனுபவிக்கிறாரோ அவருக்குத்தான் நோட்டீஸ். பலன் அடைந்தவர் யாரோ அவரிடமும் வசூலிக்கலாம். இரண்டும் நீங்கள்தான்.

ஆகவே மிச்சம் இருப்பது இரண்டாவது கேள்வி. உங்கள் பணம் முழுக்க அதில்தான் இருக்கிறது. மீறல் எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், சோதனை நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதம் என்று வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. கட்டணம் இரு மடங்கு. இரண்டு கிலோவாட் மாதம் முழுவதும் ஓடினால் 1,440 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று தோராயமாக வைத்து, இரு மடங்காக்கி, 12 மாதத்துக்குப் பெருக்கினால் உங்கள் 2,07,000 வந்துவிடுகிறது. அதையே ஏழு மாதத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 1,21,000. இந்த யூனிட்டுகளுக்கு நீங்கள் ஏற்கனவே கட்டிய அறுபதாயிரத்தைக் கழிக்கச் சொல்லி வாங்கிவிட்டால், கையிலிருந்து போவது அறுபதாயிரம் சொச்சம்தான்.

இனி நான் பயப்படும் இடம். கன்னடத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்களே, அதுதான் மகஜர், சோதனையில் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைக்கும் பத்திரம். இந்த ஊரில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். வந்தவர் மரியாதையாகப் பேசுவார், காபிகூடக் குடிப்பார். எழுதி முடித்து, “சும்மா ஃபார்மாலிட்டி சார், சைன் மாடி (கையெழுத்துப் போடுங்கள்)” என்பார். நம்மவரும் பேனாவை வாங்கிப் போட்டுவிடுவார். பிறகு நான் படித்துக் காட்டும்போதுதான் தெரியும், “ஒரு வருடமாக வியாபார நோக்கத்துக்குப் பயன்படுத்தி வருகிறேன்” என்று அவரே சொன்னதாக அதில் இருப்பது. உங்களுடையதிலும் அப்படி இருந்தால் இரண்டு அடி விழும். ஒரு வருடம் என்பது உங்கள் வாயாலேயே வந்ததாகிவிடும். வியாபாரம் என்றிருந்தால் இரு மடங்கு போடுவது வீட்டுக் கட்டணத்தின் மேல் இல்லை, வணிகக் கட்டணத்தின் மேல்.

மகஜர் நகலுக்கு நாளைக்கே மனு கொடுங்கள். கன்னடம் படிக்கத் தெரிந்தவரை வைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தவறாக எழுதியிருந்தால், “எனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது, படித்துக் காட்டப்படவில்லை, தொடங்கிய காலம் இன்னது” என்று, நோட்டீஸுக்குப் பதிலாக நீங்கள் கொடுக்கும் ஆட்சேபணைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். இப்போது விட்டுவிட்டு அப்பீலில் சொன்னால், வக்கீல் சொல்லிக்கொடுத்த கதை என்பார்கள்.

காலத்தை நிரூபிக்க எதைக் கொடுப்பது? கட்சிக்காரர்கள் முதலில் நீட்டுவது மைனிங் பூல் (பலர் கூட்டாக மைனிங் செய்யும் இடம்) கணக்கையும், கிரிப்டோ சேரும் வாலட்டின் ஸ்கிரீன்ஷாட்டையும்தான். வேண்டாம். அது லோடைக் காட்டாது, நீங்கள் சம்பாதித்ததைத்தான் காட்டும். ‘வியாபார நோக்கம்’ என்று எழுதக் காத்திருப்பவருக்கு நீங்களே பேனா எடுத்துக் கொடுத்த மாதிரி. உங்கள் சாட்சி மீட்டரேதான். எலக்ட்ரானிக் மீட்டர் யூனிட்டோடு உச்சத் தேவையையும், அதாவது அதிகபட்சமாக இழுத்த லோடையும், பதிந்து வைக்கிறது. ஒன்றரை வருட பில்களை வரிசையாக அடுக்குங்கள். எந்த மாதம் யூனிட் எகிறுகிறதோ அதுதான் தொடக்கம். கார்டு வாங்கிய ரசீதையும் கூடவே வையுங்கள். அவர்கள் மீட்டரை அவர்களே மறுக்க முடியாது.

வியாபாரமா இல்லையா என்பதில் உங்களுக்கு ஒரு வாதம் உண்டு. கர்நாடகக் கட்டண உத்தரவுகளில், வீட்டின் ஒரு பகுதியில் செய்தாலும் வீட்டுக் கட்டணமே பொருந்தும் தொழில்களின் பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. தையல், ஜோதிடம், வக்கீல் தொழில் என்று போகும் அந்தப் பட்டியலில் பர்சனல் கம்ப்யூட்டரும் இருக்கிறது. இரும்பு ஃபிரேமில் ஆறு கார்டைத் தொங்கவிட்டு கேபிள் மாட்டியது பர்சனல் கம்ப்யூட்டரா என்று கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். இருந்தாலும் சொல்லிப் பார்க்கலாம். வணிகக் கட்டணத்தைத் தடுக்கத்தான் இந்த வாதம். அதிக லோடுக்கு இதனால் விடுதலை கிடையாது.

அப்புறம், இந்நேரம் யாராவது எலெக்ட்ரீஷியன் உங்களிடம் வந்திருப்பார். “கேஸ் முடியும்வரை மீட்டருக்கு முன்னாலிருந்து ஒரு லைன் எடுத்துக்கலாம் சார்” என்பார். அந்த ஒரு ஒயரோடு உங்கள் வழக்கு 126-லிருந்து 135-க்குப் போய்விடும். அது திருட்டு, மூன்று வருடம் வரை சிறைக்கு வழி உண்டு. இன்றைக்கு உங்களைத் திருடன் என்று யாரும் சொல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம், ஓடிய யூனிட் எல்லாம் மீட்டர் வழியாக ஓடியதும் நீங்கள் அதற்குப் பணம் கட்டியதும்தான். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ரிக் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். ஆட்சேபணை கொடுத்த பிறகும் ஓடினால், அடுத்த மாத பில்லே உங்களுக்கு எதிர்சாட்சி.

மூவர் மீதும் வழக்கு? சிவில் நீதிமன்றம் இந்த மதிப்பீட்டில் தலையிடக் கூடாது என்று 145-ஆம் பிரிவே சொல்கிறது. நுகர்வோர் மன்றத்துக்கும் போக முடியாது. அனீஸ் அகமது வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. மிச்சம் 127-இன்கீழ் அப்பீல். அதற்கு இறுதி உத்தரவிலிருந்து 30 நாள் அவகாசம். கேட்ட தொகையில் பாதியை முன்னதாகக் கட்ட வேண்டும். அந்தப் பாதி ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. நேரில் பேசி முடித்தால் போகக்கூடிய தொகையைவிட, அப்பீலுக்குள் நுழையும் டிக்கெட் விலை அதிகம். கட்டாமல் இழுத்தடித்தால் 30 நாளுக்குப் பின் வருடத்துக்கு 16 சதவீத வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டிக்கு வட்டி.

எனவே ஆட்சேபணையில் காலத்தையும் கட்டண வகையையும் மட்டும் பிடியுங்கள். அதிகாரி உங்களை நேரில் விசாரிக்கும்போது ஏழு மாதத்துக்குக் குறைத்து, கட்டியதைக் கழித்தால், ஒப்புக்கொண்டு கட்டிவிடுங்கள். சம்மதத்தின் பேரில் வந்த உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. அதனால் தொகையை எழுத்தில் பார்த்த பிறகுதான் தலையாட்ட வேண்டும். ஏழு நாளுக்குள் அப்படியே ஏற்றுக் கட்டிவிடலாம் என்று நோட்டீஸில் ஒரு வரி இருக்கும். பயத்தில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு 2,07,000-ஐயும் கட்டிவிடாதீர்கள்.

ஓனரோடு சமாதானமாகப் போங்கள். உங்களுக்குக் கசக்கும்தான். ஆனால் அவருடைய ஆர்.ஆர். நம்பரில் (மின் இணைப்பு எண்ணில்) பாக்கி நின்றால் அடுத்த குடித்தனத்துக்கு வீட்டைக் கொடுக்க அவர் திண்டாட வேண்டியிருக்கும். அவர் பயம் அதுதான். மின் பாக்கியை நீங்களே தீர்த்து ரசீது கொடுப்பதாகச் சொல்லுங்கள். மெயின் சுவிட்ச் போர்டில் ஒயர் கருகியிருந்தால் அதை மாற்றும் செலவையும் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிச்சம் எவ்வளவு, எந்தத் தேதியில் தருவார், இரு தரப்புக்கும் இனி ஒரு கோரிக்கையும் இல்லை என்று ஒரு பக்கம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துவிடுங்கள். லீகல் நோட்டீஸ் அனுப்பி அட்வான்ஸுக்கு வழக்குப் போட்டால் தீர்ப்பு உங்கள் பக்கம் வரலாம். வருவதற்குள் நீங்கள் இன்னும் இரண்டு வீடு மாறியிருப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, வருமான வரி. கிரிப்டோவை விற்றிருந்தால் லாபத்தில் 30 சதவீதம். கரண்ட் பில்லையும் கார்டு விலையையும் செலவாகக் கழிக்க முடியாது. மைனிங் கட்டமைப்புச் செலவை, நாணயத்தை வாங்கிய விலையாகக் கருத முடியாது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு மக்களவையிலேயே சொல்லிவிட்டது. இப்போது கட்டப்போகும் இந்த அறுபதாயிரமும் அதே கணக்குதான், கழிவு கிடையாது. ரிட்டர்னில் காட்டாமல் விட்டிருந்தால் ஆடிட்டரைப் பார்த்துத் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள். மின் அதிகாரியிடம் “பொழுதுபோக்கு” என்று எழுதிவிட்டு வரி அலுவலகத்தில் “வியாபாரம், செலவைக் கழியுங்கள்” என்று எழுத வேண்டாம். அந்தச் செலவு எப்படியும் கழிபடாது. எழுதிய காகிதம் மட்டும் மின் வழக்கில் உங்களுக்கு எதிராக நிற்கும்.