கடலோர நகரத்தில் கோடையில் பொழுது சாய்ந்த பிறகும் ஏன் இவ்வளவு புழுக்கம்?

புழுக்கம் என்பது வெறும் சூடு அல்ல; வியர்வை காயாமல் உடம்பிலேயே தங்கிவிடும் நிலை. வியர்வை ஆவியானால்தான் தோல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது எளிதில் நடக்காது. மூடிய குளியலறையில் தொங்கும் ஈரத்துண்டை நினைத்துப் பாருங்கள், சன்னலைத் திறக்கும்வரை காயவே காயாது.

சரி, மாலையில் ஏன்? பகலில் தரை சீக்கிரம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்பும். அந்த இடத்துக்குக் கடற்காற்று ஈரத்தோடு வரும். வீசும்வரை சுகம்தான். பொழுது சாய்ந்ததும் தரை ஆறத் தொடங்குகிறது. கடல் அப்படியில்லை: ஒரு கிலோ காய்ந்த மணலைவிட ஒரு கிலோ தண்ணீர் சூடாக ஏறக்குறைய 5 மடங்கு வெப்பம் வேண்டும், ஆறவும் அதேபோல் நேரமெடுக்கும். தரையும் கடலும் ஒரே சூட்டுக்கு வரும்போது காற்று அடங்கிவிடுகிறது. இலை அசையாமல், மாடிக் கைப்பிடி பிசுபிசுக்கும் நேரம் அது. அப்புறம் இரவில் தரை இன்னும் குளிர்ந்தால், காற்று திசை மாறிக் கடலை நோக்கி வீசும்.

வானம் செக்கச்செவேல் என்றிருப்பதால்தான் புழுங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சாய்ந்த வெயில் நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது, சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.