ஸ்கூல் ரேட்டிங்க வச்சு முடிவு பண்ணலாமா? கேள்வி பதில்

(அமெரிக்கால ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல, அதாவது ஒரு பகுதியோட அரசு ஸ்கூல்கள நடத்துற அமைப்புல, டெஸ்ட் டேட்டா பாக்குற வேலைல இருக்கேன், நீங்க கேட்டதுக்கு தெரிஞ்சத சொல்றேன்.)

கேள்வி: அக்கா, ஒரே டிஸ்ட்ரிக்ட்ல ஒரு ஸ்கூலுக்கு ரேட்டிங் பத்துக்கு 9, பக்கத்து ஸ்கூலுக்கு 4. அங்க சரியா சொல்லித் தரலன்னு தானே அர்த்தம்?

பதில்: அப்படி எடுத்துக்காதீங்க தம்பி. ரேட்டிங்ல வர்ற, டெஸ்ட்ல எத்தன பசங்க பாஸ்ங்கற கணக்கு பெரும்பாலும் வீட்டு வசதியத்தான் காட்டும், 1966ல அமெரிக்க அரசுக்காக பண்ண பெரிய ஸ்கூல் ஆய்வான கோல்மன் அறிக்கையே இத சொல்லிடுச்சு. நீங்க பாக்கவேண்டியது குரோத், அதாவது ஒரு பையன் போன வருஷம் எங்க இருந்தான் இந்த வருஷம் எங்க வந்திருக்கான்னு. சிகாகோ பசங்க மார்க் தேசிய சராசரிக்கு கீழதான், ஆனா ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டி ஆய்வாளர் ஷான் ரியர்டன் பாத்தப்போ மூணாவதுலேந்து எட்டாவது வரை 5 வருஷத்துல 6 வருஷப் படிப்பு ஏறியிருந்தாங்க.

கேள்வி: ஒரே டிஸ்ட்ரிக்ட்னா பணம் எல்லாருக்கும் சமமா தானே போகும்?

பதில்: நிறைய இடத்துல டாலரா பிரிக்கமாட்டாங்க, இத்தன பசங்களுக்கு இத்தன டீச்சர்னு பிரிப்பாங்க, அனுபவம் உள்ள டீச்சருக்கு சம்பளம் அதிகம், அவங்க சீனியாரிட்டி வந்ததும் வசதியான ஏரியா ஸ்கூலுக்கு மாறிடுவாங்க, கஷ்டப்படுற ஸ்கூல்ல வருஷா வருஷம் புது டீச்சர்தான், செலவும் அங்க கம்மியாதான் ஆகும். எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் இது. டைட்டில் ஒன்னு, ஏழைப் பசங்க நிறைய இருக்குற ஸ்கூல்களுக்கு மத்திய அரசு குடுக்குற பணம் 1965லேந்து வருது, அது மேல கூடுதலா குடுக்கவேண்டியது, இந்த ஓட்டைய அடைக்க இல்ல. 2015ல வந்த மத்திய அரசு கல்விச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகுதுன்னு ரிப்போர்ட் கார்டுல போட்டே ஆகணும், எடுத்துப் பாருங்க.

கேள்வி: எந்த ஏரியா பசங்க எந்த ஸ்கூலுக்குங்கற எல்லைய மாத்தி பசங்கள கலக்குறதுக்கு பதிலா அந்த ஸ்கூலுக்கே கூட பணம் குடுத்தா போதாதா?

பதில்: பணம் கண்டிப்பா வேணும். ஆனா மேரிலாந்து மாண்ட்கோமரி கவுண்டில அரசு வீட்டுல இருக்குற குடும்பங்களுக்கு குலுக்கல் மாதிரி வெவ்வேற ஏரியால வீடு குடுத்தாங்க, வசதியான ஸ்கூலுக்குப் போன பசங்க, கூடுதல் பணம் வாங்கின ஸ்கூல் பசங்களவிட கணக்குல நல்லாவே முன்னாடி வந்தாங்க. 2010ல வந்த ஆய்வு. அதனால எல்லை மீட்டிங்ல வீட்டு விலைய மட்டும் பேசாதீங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன்.

கேள்வி: ரொம்ப திறமையான பசங்களுக்குன்னு தனியா நடத்துற கிஃப்டட் கிளாஸ்ல ஏன் ஒரே மாதிரி பசங்களா இருக்காங்க?

பதில்: நிறைய இடத்துல பேரண்ட்ஸோ டீச்சரோ பேர் குடுத்தாதான் டெஸ்ட்ங்கறதால. ஃபுளோரிடால ஒரு பெரிய டிஸ்ட்ரிக்ட் ரெண்டாவது படிக்கிற எல்லாருக்கும் ஸ்கிரீனிங் டெஸ்ட் வச்சாங்க, கறுப்பின, ஹிஸ்பானிக் பசங்க நிறைய பேர் உள்ள வந்தாங்க. உங்க டிஸ்ட்ரிக்ட்ல எல்லாருக்கும் டெஸ்ட் இருக்கான்னு ஸ்கூல் போர்டு மீட்டிங்ல கேளுங்க.