அக்குபஞ்சரும் அக்குபிரஷரும் உடம்பில் எப்படி வேலை செய்கின்றன?

மயிரிழை போன்ற ஊசியைக் குறிப்பிட்ட இடங்களில் குத்தி வைப்பது அக்குபஞ்சர். அதே இடங்களை விரலால் அழுத்துவது அக்குபிரஷர். இரண்டும் சீனத்து வைத்தியம். உயிராற்றல் ஓடும் பாதைகளைச் சீராக்குவதாக அந்த மரபு சொல்கிறது. அப்படித் தனிப் பாதை எதுவும் உடற்கூறில் தென்படவில்லை. விளக்கத்தை நரம்புகளில்தான் தேட வேண்டும்.

முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது, வலியும் கொஞ்சம் அடங்குகிறது. ஏன்? தண்டுவடத்தில் வலிக்கு ஒரு மடை இருக்கிறது என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கீழ்பவானிப் பாசனத்தில் காடு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மடையைப் பாதி அடைத்தால் நம் காட்டுக்கு வருவது குறையும். அழுத்தமும் தொடுகையும் அப்படித்தான் வலியைப் பாதியில் மறிக்கின்றன. கூடவே, எண்டார்பின் என்ற வலி தணிக்கும் பொருளை உடம்பே சுரக்கிறது. புள்ளி தவறிக் குத்தினாலும் பல ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. ஆகவே நம்பிக்கைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்கள் அம்மாயி மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் தள்ளி, உள்கையின் இரண்டு தசைநாணுக்கு நடுவே கட்டைவிரலை அழுத்திக்கொண்டே வருவார். குமட்டலுக்கான புள்ளி அது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது.

ஊசி வழியாக மருந்து ஏறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் மருந்தே கிடையாது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடும் மாத்திரைக்கு அது மாற்றும் ஆகாது.