மொத்தமா வாங்கிக்கட்டுமா, ராயல்டி கேக்கட்டுமா?

கேள்வி: புனைபெயர்ல குடும்ப நாவல் எழுதறேன். மூணு நாவலுக்கும் மொத்தமா ஒரு தொகை தரேன், எல்லா உரிமையும் எங்களுக்குன்னு ஒரு பப்ளிஷர் கேக்கறார். எங்க அண்ணா "உன் எழுத்துக்கு இதுவே ஜாஸ்தி, கையெழுத்துப் போடு"ங்கறார். எம்.ஏ.ல அமெரிக்க இலக்கியம் படிச்சவ நான், அந்தப் பெண் எழுத்தாளர்கள்லாம் காசு விஷயத்துல என்னதான் பண்ணாங்க?

பதில்: அண்ணான்னு படிச்சதும் சிரிச்சுட்டேன்மா. ஃபேனி ஃபெர்ன்னு ஒருத்தங்க, உங்க சிலபஸ்ல அநேகமா வந்திருக்காது. நிஜப் பேர் சாரா வில்லிஸ். 1846ல புருஷன் இறந்துட்டார், கைல ரெண்டு பொண்ணுங்க, ரெண்டாவது கல்யாணமும் சரிப்படல, தையல் வேலை பாத்தும் கட்டுப்படியாகல, சரி எழுதியாவது பாக்கலாம்னு நியூயார்க்ல பத்திரிகை நடத்திட்டிருந்த சொந்த அண்ணனுக்கே அனுப்பினாங்க. அவர் என்னடான்னா கொச்சையா இருக்கு, பாஸ்டனைத் தாண்டி இதெல்லாம் விலை போகாதுன்னுட்டார்.

1853ல அவங்க கட்டுரைகளைப் புக்கா போட வந்த பப்ளிஷர், மொத்தமா 1000 டாலர் வாங்கிக்கறீங்களா, இல்ல விக்கற ஒவ்வொரு காப்பிக்கும் 10 சென்ட்னு ராயல்டி போதுமான்னு கேட்டார். அன்னிக்கு அவங்க இருந்த நிலைமைக்கு 1000 டாலர்னா சும்மாவா? ஆனா 10 சென்ட்டைத்தான் எடுத்தாங்க. முதல் வருஷமே அமெரிக்கால மட்டும் சுமார் 70,000 காப்பி போச்சு, அதாவது 7000 டாலர்! அண்ணன்கிட்ட வேலை பாத்த ஜேம்ஸ் பார்ட்டன், இவங்க எழுத்தைப் போடக்கூடாதுன்னு அண்ணன் சொன்னதுக்கு வேலையையே விட்டுட்டு வந்தார், 1856ல இவங்களைக் கட்டிக்கிட்டதும் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே இவங்க சம்பாத்தியம் இவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும்தான்னு எழுதி வாங்கிட்டாங்க, கெட்டிக்காரி.

அதே அண்ணன் வீட்டுல குழந்தை பாத்துக்கற வேலைல இருந்தவங்க ஹேரியட் ஜேக்கப்ஸ். அடிமையா இருந்து தப்பிச்சவங்க, பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில நிமிர்ந்து நிக்கக்கூட முடியாத பொந்துல கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஒளிஞ்சிருந்தாங்க. ராத்திரி வேலை முடிஞ்சப்புறம், அந்த மனுஷனுக்குத் தெரியாம தன் கதையை எழுதினாங்க. பப்ளிஷர் திவாலாகிட்டார். விடலையே, அச்சுத் தகடுகளைத் தானே காசு குடுத்து வாங்கி 1861ல புக்கை வெளியில கொண்டுவந்துட்டாங்க. ஆனா லிண்டா ப்ரெண்ட்ங்கற புனைபெயர்னால, இது எடிட் பண்ணின வெள்ளைக்கார அம்மா எழுதினதுன்னே ரொம்ப காலம் நம்பினாங்க, 1980கள்ல ஜீன் ஃபேகன் யெல்லின்ங்கற ஆராய்ச்சியாளர் பழைய கடிதங்களை எல்லாம் தேடி எடுத்து நிரூபிக்க வேண்டியதாப் போச்சு. அதனால புனைபெயர் தாராளமா வெச்சுக்கோங்க, ஆனா ஒப்பந்தத்துல நிஜப் பேரும் இருக்கணும்.

"லிட்டில் விமன்" நாவல் எழுதின லூயிசா மே ஆல்காட்டுக்கு 1868ல பப்ளிஷரே "காப்பிரைட்டை வித்துடாதீங்க"ன்னு சொன்னார். அப்படி ஒருத்தர் கிடைக்கணும்னா குடுத்து வெச்சிருக்கணும், உங்களுக்கு வாய்ச்சவர் அந்த ரகம் இல்ல.

கையெழுத்துப் போடாதீங்கம்மா. காப்பிக்கு இவ்வளவுன்னு கேளுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை கணக்குக் காட்டணும்னு எழுத்துல வாங்குங்க. காசு ரொம்ப முடையா இருந்தா ஒரே ஒரு நாவலை மட்டும், அதுவும் அஞ்சு வருஷத்துக்குன்னு போட்டுக் குடுங்க. இ-புக், ஆடியோ, மொழிபெயர்ப்பு இதெல்லாம் தனித்தனி பேரம். அண்ணாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க.