ஒரு சதவீதத்துக்கு மூவாயிரம்

அன்புள்ள ஐயா,

தென்காசியில் இரண்டு வருடமாக ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். சீனியர் நடத்துவது பெரும்பாலும் வாகன விபத்து வழக்குகள்தான். எனக்குச் சென்னைக்கு வந்து இவற்றின் மேல்முறையீடுகளை மட்டும் நடத்த ஆசை. நண்பர்களோ, "அது வெறும் கால்குலேட்டர் வேலை, கட்சிக்காரர் முகம்கூடத் தெரியாது" என்கிறார்கள். இருபது வருடமாக அதே வேலையில் இருக்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

கணக்கு உண்டு. ஆனால் எந்தக் கணக்கைப் போடுவது என்பதில்தான் சண்டையே.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 34 வயது தோசை மாஸ்டர். லாரி மோதி இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. டாக்டர் 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தார். விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் சதவீதத்துக்கு 3,000 ரூபாய் வீதம் பெருக்கி, அந்தத் தலைப்பில் 1,20,000 ரூபாய் கொடுத்தது. நம் ஊரில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம்தான் இது.

மேல்முறையீட்டுக்காக என்னிடம் வந்த வழக்குக் கட்டைப் படித்துவிட்டு அவரை வரச் சொன்னேன். அறைக்குள் வந்தவர் கதவு நிலையைப் பிடித்தபடியே நின்றார். உட்காருங்கள் என்றால், "உட்கார்ந்தா எந்திரிக்கக் கஷ்டம் சார், நின்னாலும் ரொம்ப நேரம் ஆகாது" என்றார். அவர் போனதும் கட்டை மறுபடி பிரித்தேன். டாக்டரின் குறுக்கு விசாரணையில், இன்சூரன்ஸ் வக்கீல் கேட்ட கேள்விக்கே ஒரு பதில் இருந்தது: மனுதாரரால் தொடர்ந்து பத்து நிமிடம் நிற்க முடியாது. தீர்ப்பில் அந்த வரி எங்குமே இல்லை.

உடலில் எவ்வளவு ஊனம் என்பது வேறு, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது வேறு என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாள் முழுக்கக் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டிய மனிதருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் வழக்கு. திறன் இழப்பு 60 சதவீதம் என்று ஏற்கப்பட்டது. மாதச் சம்பளம் 12,000, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800, அவர் வயதுக்குப் பெருக்கெண், அதாவது ஆண்டு இழப்பை எத்தனையால் பெருக்குவது என்பது, 16. 16,800-ஐப் பன்னிரண்டு மாதத்தாலும் 16-ஆலும் பெருக்கி, அதில் 60 சதவீதம் போட்டுப் பாருங்கள், 19,35,360 ரூபாய் வரும். இதைக் கால்குலேட்டர் வேலை என்று என்னால் சொல்ல முடியாது.

முகம் தெரியாது என்பதும் நாம் செய்துகொள்வதுதான். கூப்பிட்டால் வருவார்கள்.

ஒரு வழக்கை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி, தொகையைக் குறைக்கக் கோரி அப்பீல் போட்டிருந்தது. நான் எதிர்த்து வாதாடினால் போதும் என்று இருந்துவிட்டேன். கொடுத்த தொகையே குறைவு என்று நீதிபதிக்கும் பட்டது. ஆனால் நாங்கள் சொந்தமாக அப்பீலோ, எதிராளியின் அப்பீலிலேயே நம் குறையை எழுப்பும் கிராஸ் அப்ஜெக்‌ஷனோ போடவில்லை. அப்படிப் போடாதவருக்குத் தொகையைக் கூட்டித் தர முடியாது என்று 2011-லேயே தீர்ப்பு இருக்கிறது. அந்தக் குடும்பம் இழந்தது என் கவனக்குறைவால். நோட்டீஸ் வந்த அன்றே தீர்ப்பாயத்தின் தொகை சரிதானா என்று பாருங்கள். சொந்த அப்பீலுக்குத் தீர்ப்பு தேதியிலிருந்து 90 நாள், கிராஸ் அப்ஜெக்‌ஷனுக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம்.

அப்புறம் ஃபீஸ். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். நடக்க முடியாதவரின் மருந்துக் காசு அது, தொடாதீர்கள்.

என் யோசனை, இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருங்கள். மேல்முறையீட்டில் புதுச் சாட்சியம் சேர்ப்பது அபூர்வம். கீழே பதிவானதை வைத்துத்தான் மேலே பேச முடியும். டாக்டர் கூண்டில் ஏறும்போது சதவீதத்தோடு விட்டுவிடாமல், நிற்க முடியுமா, மாடி ஏற முடியுமா, பழைய வேலையைப் பார்க்க முடியுமா என்று நீங்களே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், தென்காசி அப்பீல்கள் வருவது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான். சென்னைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை.