அப்பாவுக்கு வாங்கிய காது மிஷின் இரண்டு வருடத்தில் மூன்று முறை பழுதாகிவிட்டது. எப்படிப் பராமரித்தால் நீடித்து உழைக்கும்?

காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை, காதுக்குள் பொருந்துகிற அச்சு, பட்டன் செல் போட்டு ஓடுவது, அப்பா இன்னும் வயலுக்குப் போய்வருகிறார், மூன்று தடவையும் சர்வீஸில் "ஈரம் இறங்கியிருக்கு" என்றுதான் சொன்னார்கள். இவ்வளவையும் நீங்களே எழுதிவிட்டதால் பாதிப் பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

நானும் மாட்டுகிறவன்தான். மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் 22 வருடம் மிஷின் ஓட்டினேன், காது அங்கேயே போயிற்று. 2013இல் வாங்கிய முதல் மிஷின் 14 மாதம்தான் தாங்கியது. அடுத்து 2014 கடைசியில் வாங்கியது 2022 வரை ஓடியது. இரண்டும் ஒரே கம்பெனி, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பொதுவாக ஐந்தாறு வருடம் வந்தாலே நல்ல உழைப்பு என்பார்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏழு வருடத்துக்கு மேல் வந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

முதல் மிஷின் வாங்கிய இடத்தில் செல் மாற்றக் காட்டிக்கொடுத்தார்கள், தண்ணீரில் போடாதீர்கள் என்றார்கள், அதோடு சரி. நான் தண்ணீரில் போடவில்லை, வேர்வையில் போட்டேன். புழுங்கல் அரிசி ஆலை, நெல் அவிக்கிற தொட்டிப் பக்கம் இரண்டு நிமிடம் நின்றாலே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இரைச்சல் தாங்காது என்று மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பை முழுக்க ஈரம், அதில் தவிட்டுத் தூசு வேறு. ஒருநாள் கரகரவென்றது, மறுநாள் விட்டுவிட்டுக் கேட்டது, மூன்றாம் நாள் சுத்தமாக ஒன்றுமில்லை. சர்வீஸ் பையன் மூடியைத் திறந்து காட்டினான்: "அண்ணே, பாருங்க, பித்தளைச் சொம்பு மாதிரி களிம்பு ஏறியிருக்கு." செல் உட்காருகிற தகட்டில் பச்சை பூத்திருந்தது. வேர்வையில் இருப்பது உப்புத் தண்ணீர், அது பட்ட தகட்டில் கரண்டும் ஓடினால் அரிப்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அப்பாவுடையதிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேர்வை ஒரு வழி என்றால், காதுக்குள் இருக்கிற வெதுவெதுப்பான ஈரக்காற்று இன்னொரு வழி. அது அச்சுக்குப் போகிற டியூபுக்குள் ஏறி, குளிர்ந்து, சொட்டாக நிற்கும். டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முத்து மாதிரி தண்ணீர் தெரியும். அந்த ஒரு சொட்டு போதும் சத்தத்தை அடைக்க. மழைக்காலத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஐப்பசி கார்த்திகையில் நம் வீட்டு உப்பு ஜாடியே தானாக நீர்த்துப்போகிறது, மிஷின் மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். ராத்திரி கழற்றியதும் பழைய வேட்டித் துணி, நன்றாகக் காய்ந்தது, அதனால் மிஷினை முழுக்கத் துடைப்பேன். துணி உலர்ந்ததாகத்தான் இருக்கவேண்டும், ஈரத்துணியும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம், கொரோனாவில் எல்லாரும் எல்லாவற்றையும் சானிடைசர் போட்டுத் துடைத்தோமே, அந்தப் பழக்கத்தை இதில் காட்டவே கூடாது. அப்புறம் செல்லை வெளியே எடுத்துவிட்டு, செல் கதவைத் திறந்தபடியே காயவைக்கும் டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுவேன். டப்பா என்றால் பெரிய விஷயமில்லை, சிலிக்கா ஜெல் குருணை போட்ட, காற்றுப் புகாத சின்ன டப்பா, மிஷின் விற்கிற இடத்திலேயே கிடைக்கும். நீலக் குருணை ரோஸ் நிறமானால் அது ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம், மாற்றவேண்டும். கோடையில் என்னுடையது இரண்டு மாதம் வரும், அடைமழையில் பத்து நாள்கூட வராது. செல்லோடு சேர்த்து டப்பாவில் வைக்காதீர்கள், செல்லும் உள்ளுக்குள் காய்ந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். கரண்டில் ஓடுகிற காயவைக்கும் டப்பாவும் இருக்கிறது, வயலில் வேலை செய்கிறவருக்கு அது இன்னும் நல்லது, விலைதான் கொஞ்சம் கூட.

டப்பாவுக்குப் பதில் அரிசியில் புதைக்கலாமா என்று எங்கள் தெருவிலேயே நாலு பேர் கேட்டாயிற்று, போன் தண்ணீரில் விழுந்தால் அப்படித்தானே செய்கிறோம் என்று. அரிசியிலேயே வாழ்ந்தவன் சொல்கிறேன், வேண்டாம். அரிசி ஈரம் இழுக்கிறதோ இல்லையோ, அதில் இருக்கிற மாவுத்தூசு மைக் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் வைப்பது, தலைமுடி காயவைக்கும் மிஷினால் ஊதுவது, அடுப்பு மேடையில் வைப்பது இவையும் அதே ரகம், சூட்டில் உள்ளே இருக்கிற நுணுக்கமான பாகங்கள் கெட்டுவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் டிவி பெட்டி மேல் வைத்துக் காயவைத்து மிஷின் கூட்டையே வளைத்துவிட்டார், அந்தக் காலத்துப் பெரிய டிவி.

அழுக்குச் சமாச்சாரம் காலையில். ராத்திரியைவிடக் காலையில் ஏன் என்றால், குறும்பி ராத்திரி முழுக்கக் காய்ந்து உதிர்கிற பதத்தில் இருக்கும், கழற்றின உடனே தேய்த்தால் இழுகிப்போய் ஓட்டைக்குள்ளேயே அப்பிக்கொள்ளும். மிஷினோடு வருகிற சின்ன பிரஷ்ஷால், மைக் ஓட்டை தரையைப் பார்க்கிறபடி கவிழ்த்துப் பிடித்து, லேசாகத் தட்டிவிடவேண்டும், அழுக்கு கீழே விழுகிற மாதிரி. ஊசி, ஊக்கு, ஈர்க்குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள்.

அப்பாவுடைய அச்சைத் தண்ணீரில் கழுவலாம், ஆனால் மிஷினிலிருந்து பிரித்த பிறகு மட்டும். காதுமேல் மாட்டுகிற கொக்கியோடு டியூப் சேருகிற இடத்தில் ஒரு கையால் கொக்கியையும் இன்னொரு கையால் டியூபையும் பிடித்து மெல்ல உருவினால் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் குளியல் சோப்பு, வாரம் ஒருமுறை போதும். கழுவியதும் டியூபுக்குள் நிற்கிற தண்ணீரை ஊதி வெளியேற்றவேண்டும், வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும், அதற்கென்று ரப்பர் பந்து மாதிரி ஊதி விற்கிறது. ராத்திரி கழுவி வைத்தால் காலைக்குள் உலர்ந்துவிடும். டியூப் மஞ்சளாகி விறைத்துப்போனால் கழுவிப் பிரயோசனமில்லை, மாற்றவேண்டியதுதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது, செலவும் அதிகமில்லை. மூன்று முறை சர்வீஸுக்குப் போனீர்களே, ஒருமுறையாவது டியூப் மாற்றினார்களா என்று பாருங்கள். (இதே கேள்வியோடு வந்து இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: மெல்லிய ஒயர் காதுக்குள் போகிற வகையென்றால் கழுவுகிற பேச்சே கிடையாது, ஏனென்றால் ஸ்பீக்கரே ஒயர் முனையில்தான் இருக்கிறது. அதில் முனையில் ஒரு பொடிசான வடிகட்டி இருக்கும், வாக்ஸ் கார்டு என்று கேட்டால் கொடுப்பார்கள், அடைத்ததும் அதை மாற்றினால் போதும். "மிஷின் செத்துப்போச்சு" என்று கொண்டுவருகிறவர்களில் நிறையப் பேருக்கு அந்த வடிகட்டிதான் அடைத்திருக்கும் என்று அந்தச் சர்வீஸ் பையன் சொல்லிச் சிரித்தான்.)

வயலுக்குப் போகிறவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நடவு, களையெடுப்பு நாட்களில் வேர்வை, அறுவடை நாட்களில் தூசு. அறுப்பு மிஷின் ஓடும்போது பறக்கிற சுணை உடம்பில் பட்டாலே அரிக்கிறது, அது மைக் ஓட்டையில் போனால் சொல்லவேண்டாம். அந்த ரெண்டு மணி நேரம் கழற்றி ஒரு மூடியுள்ள டப்பாவில் வைத்துக்கொள்ளட்டும், இரைச்சலுக்கும் அதுதான் நல்லது, ஆனால் டிராக்டர் போகிற வருகிற இடத்தில் கேட்காமல் நிற்கிறார் என்று கூட இருப்பவர்களிடம் சொல்லிவைக்கவேண்டும். மற்ற நாட்களில் நெற்றியைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டால் தலையிலிருந்து வழிகிற வேர்வையில் பாதியை அதுவே குடித்துவிடும். மிஷின்மேல் மாட்டுகிற மெல்லிய துணி உறையும் கிடைக்கிறது. பெட்டியில் 68 என்று எண் போட்டு, தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் நம்பி வாய்க்காலில் இறங்கவேண்டாம், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புது மிஷினில் செய்தது.

எங்கள் அம்மா கதை வேறு. அம்மாவுக்குக் கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமாக இலவசமாகக் கிடைத்த மிஷின். அதற்கு வேர்வைத் தொல்லை இல்லை, திருநீறும் பவுடரும்தான். மிஷினை மாட்டிக்கொண்டே நெற்றி நிறையத் திருநீறு, காது மடலிலும் கொஞ்சம், அப்புறம் கழுத்துக்குப் பவுடர். எத்தனை முறை சொன்னாலும் "சாமி திருநீறு எதையும் கெடுக்காதுடா தம்பி" என்பார். கடைசியில் ஒரு வரிசை போட்டுக்கொடுத்தேன்: குளியல், தலைக்கு எண்ணெய், பவுடர், திருநீறு, எல்லாம் முடிந்து கையைத் துடைத்த பிறகுதான் மிஷின். இன்னொன்று, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் காதுக்குள் நல்லெண்ணெய் விடுகிற பழக்கம். அச்சு வழுக்கி வெளியே வரும், எண்ணெய் டியூபில் ஏறும். அப்பாவுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். குறும்பி அதிகமென்றால் காது டாக்டரிடம் காட்டி எடுத்துவிடுவது நல்லது, பட்ஸ் போட்டால் உள்ளேதான் தள்ளும்.

செல் பற்றிக் கொஞ்சம். இது காற்றை இழுத்து வேலை செய்கிற துத்தநாகச் செல், ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் இரண்டு மூன்று நிமிடம் வெளியே வைத்துப் போட்டால் நன்றாக வேகம் பிடிக்கும். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. ஸ்டிக்கர் நிறம்தான் அளவு: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கடையில் அப்பாவை அனுப்பினால் நிறத்தைச் சொல்லி அனுப்புங்கள், போதும். பிரிட்ஜில் வைத்தால் செல் நாள்படும் என்று யாராவது சொல்வார்கள், வெளியே எடுக்கும்போது நீர் கோத்துக்கொள்ளும், வேண்டாம். சில்லறையோடு பையில் போடாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பழைய செல்லை மேசைமேல் விடவே கூடாது, முழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கிறேன் என்று நேரம் போக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான், உள்ளே புண்ணாக்கிவிடும். நாய் இருந்தாலும் மிஷினை எட்டாத இடத்தில் வையுங்கள், எங்கள் பக்கத்து வீட்டில் அச்சை மென்றே துப்பிவிட்டது.

அடுத்தது சார்ஜ் போடுகிற மிஷினாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செல் கதவைத் திறந்து மூடுகிற தொல்லை இல்லை, கை நடுங்குகிறவர்களுக்கு நல்லது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 19 நாள் ஆயிற்று. போனை டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் போட்டோம். என்னிடம் இரண்டு அட்டை செல் இருந்ததால் நிவாரணத்துக்கு யார் எங்கே கூப்பிடுகிறார்கள் என்றாவது காதில் விழுந்தது. நம் மாவட்டங்களில் சார்ஜ் மிஷின் வாங்கினால் பவர்பேங்கில் ஓடுகிற சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கிற பேட்டரியும் நாலைந்து வருடத்தில் தளர்ந்துவிடும், அதை மாற்ற எவ்வளவு ஆகும் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தம் வரவில்லை என்றால் சர்வீஸுக்காகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் வீட்டிலேயே பாருங்கள். புதுச் செல் போடுங்கள், டியூபில் சொட்டு நிற்கிறதா, அச்சு ஓட்டையில் குறும்பி அடைத்திருக்கிறதா, சத்தம் தவறிக் குறைந்திருக்கிறதா. அச்சைக் கழற்றிவிட்டு மிஷினை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் கீச்சென்று கத்தவேண்டும். கத்தினால் மிஷின் நன்றாக இருக்கிறது, அடைப்பு அச்சிலோ டியூபிலோதான். கத்தவில்லை என்றால் ராத்திரி முழுக்க டப்பாவில் காயவைத்து மறுநாள் ஒருமுறை பாருங்கள், அப்புறமும் இல்லையென்றால் பஸ் ஏறுங்கள். போகும்போது செல் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லி உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். களிம்பு தகட்டோடு நின்றிருந்தால் சுத்தம் செய்து ஓட்டலாம், உள் போர்டு வரை போயிருந்தால் நாலாம் முறையும் செலவழிக்காதீர்கள்.