இளம்பெண்கள் தயங்காமல் வந்து போகும்படி மருந்துக்கடையை எப்படி அமைக்கலாம்?

புதிதாக மருந்துக்கடை தொடங்கப்போவதாகவும், இளம்பெண்கள் கூச்சப்படாமல் வர உள் அலங்காரம் எப்படி இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மருந்தாளுநராகப் பதினோரு வருடம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவள் நான். அலங்காரம் அப்புறம் இருக்கட்டும். கடைக்குள் யாருடைய குரல் எதுவரை கேட்கிறது என்று முதலில் பாருங்கள்.

நான் முதலில் வேலை பார்த்த கடையில் கவுன்ட்டர் முன்னால், மருந்து அடுக்குகள் பின்னால். கேட்பவர் சொல்வதைக் காதில் வாங்கி, பின்னால் நிற்கும் பையனுக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஒரு மாலை, கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கூட்டம் குறையட்டும் என்று இருமல் மிட்டாய் டப்பாக்களை ஐந்து நிமிடம் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் குறையவில்லை. கடைசியில் கவுன்ட்டர்மேல் குனிந்து மெல்ல ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை, "என்னம்மா?" என்றேன். மறுபடி சொன்னாள். நான் வழக்கம்போலத் திரும்பி, "பிரக்னன்ஸி கிட் ஒண்ணு எடுப்பா" என்று கத்தினேன். பையன் எடுத்து வருவதற்குள் அவளைக் காணோம். வரிசையில் நின்ற யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அன்றைக்கு அந்தச் சொல் கடைக்குள் மூன்று முறை ஒலித்தது. அவள் சொன்னது இரண்டு, நான் கத்தியது ஒன்று. கடையின் அமைப்பு அந்த எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதைத்தான் நான் வடிவமைப்பு என்பேன்.

மருந்தாளுநரிடம் கேட்காமல் விற்கக்கூடியதைக் கைக்கெட்டும் திறந்த அடுக்கில் வையுங்கள். நாப்கின், டாம்பன், கர்ப்பப் பரிசோதனை கிட், ஆணுறை எல்லாம் இதில் சேரும். கண்ணாடிக்குள் பூட்டி வைத்த பொருளை வாய் திறந்து கேட்டுத்தான் வாங்க முடியும். அந்த அடுக்கு பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், தெருவைப் பார்க்கும் கண்ணாடி ஓரத்திலும் வேண்டாம். கடைக்கோடி மூலையில் ஒதுக்கினால் அந்த மூலைக்கு நடந்து போவதே காட்டிக்கொடுத்துவிடும். பற்பசை, வெயில் கிரீம், பிளாஸ்திரி எல்லாம் இருக்கும் நடைபாதையின் நடுவில் வைத்தால், அங்கே நிற்பவர் எதற்கு நிற்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேட்டே வாங்க வேண்டியவற்றுக்கு அட்டைகள். 'அவசரக் கருத்தடை மாத்திரை', 'நீர்க்கடுப்பு', 'அரிப்பு, வெள்ளைப்படுதல்', 'தனியாகப் பேச வேண்டும்' என்று அச்சடித்து அடுக்கிலேயே செருகி வைத்தால், எடுத்துவந்து கவுன்ட்டரில் வைத்தால் போதும். ஒரு சிறு குறிப்பேடும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். போனில் தட்டிக் காட்டினாலும் சரி. ஆனால் அட்டையைப் பார்த்துவிட்டு ஊழியர் அதை வாய்விட்டுப் படித்தால் எல்லாம் வீண். பழக்கதோஷத்தில் அப்படிப் படிப்பார்கள், சொல்லிச் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது சத்தம். கண்ணாடியும் டைல்ஸும் பளபளவென்று இருக்கும், பேசுவதை அப்படியே எதிரொலிக்கவும் செய்யும். பாதி உயரத் தடுப்பு பார்வையை மறைக்குமே தவிரப் பேச்சை மறைக்காது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். நாலு சுவருக்குள் அவ்வளவு குறையாது. அதனால் வரிசை தொடங்கும் கோட்டைத் தள்ளிப் போடுவதோடு, ஒலியை உறிஞ்சும் பலகைகளைக் கூரையிலும் கவுன்ட்டருக்குப் பின் சுவரிலும் பதியுங்கள். மெல்லிய இசை வேண்டுமானால் ஆட்கள் காத்திருக்கும் பக்கம் ஓடட்டும். கவுன்ட்டர் அருகில் ஓடினால் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். சரிபார்க்க நிபுணர் தேவையில்லை. தோழி ஒருத்தியைக் கவுன்ட்டரில் சாதாரணக் குரலில் எதையாவது படிக்கச் சொல்லிவிட்டு வரிசையில் நில்லுங்கள். அவள் படித்ததை உங்களால் திருப்பிச் சொல்ல முடிந்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

தனி அறை கட்டாயம் வேண்டும். ஆனால் 'பெண்களுக்கான பகுதி' என்று ரோஜா நிறத்தில் பலகை மாட்டிவிடாதீர்கள், உள்ளே போகும் ஒவ்வொருத்தியும் அந்தப் பலகையைச் சுமந்துகொண்டு போகிற மாதிரி ஆகிவிடும். தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது, ஆஸ்துமாக்காரருக்கு இன்ஹேலர் பழக்குவது, இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அதே அறையில் நடக்கட்டும். கூட வந்தவர்களை இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்வதும் எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாகவே இருக்கட்டும். ஒருத்திக்கு மட்டும் அப்படிச் சொன்னால், வெளியே போனதும் "உள்ளே என்ன பேசினாய்?" என்ற விசாரணை அவளுக்குக் காத்திருக்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது ஸ்பெயினின் கேனரி தீவுகளில், வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் மருந்துக்கடையில் 'மஸ்கரீயா 19', அதாவது 'முகக்கவசம் 19' என்று கேட்டால் ஊழியர் அவசர உதவியை அழைக்கும் ஏற்பாடு வந்தது. பிரிட்டனில் 2021 ஜனவரியில் 'ஆஸ்க் ஃபார் ஆனி', அதாவது 'ஆனியைக் கேளுங்கள்' என்ற பெயரில் இதே போன்ற ஒன்று தொடங்கியது. சில பெண்களால் தனியாகப் போக முடிந்த ஒரே இடம் மருந்துக்கடைதான் என்பதால் வந்த ஏற்பாடுகள் இவை.

கேள்வி கேட்கும் விதம் இதையெல்லாம்விட முக்கியம். அவசரக் கருத்தடையையே எடுத்துக்கொள்ளுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிப்ரிஸ்டல் என்றால் 120 மணி நேரம் வரை. அதனால் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டே ஆக வேண்டும். வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவை இந்த மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும், ஆகவே வேறு மருந்து சாப்பிடுகிறாளா என்றும் கேட்க வேண்டும். கடைசி மாதவிடாய் எப்போது என்பதும் தேவை. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்விக்கு இதில் எந்த வேலையும் இல்லை. அந்தப் பதிலை வைத்து மாற்றிக் கொடுக்க வேறு மாத்திரை ஒன்றும் கிடையாது.

இன்னொன்று, இது கருவைக் கலைக்கும் மாத்திரை என்று நினைத்துக்கொண்டு முகம் சுளிக்கும் ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை, ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தை அது ஒன்றும் செய்யாது. வேலையில் சேரும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள். முகச்சுளிப்பைக் கண்டு ஒருத்தி திரும்பிப் போனால், அடுத்த கடையைத் தேடி அலையும் மணிகளும் அந்த 72-இல்தான் கழியும்.

காரணத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் மாத்திரை கர்ப்ப காலத்தில் கூடாது, அதனால் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தால் குறுக்கு விசாரணை என்று தோன்றாது.

பை விஷயத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். சில பொருள்களை மட்டும் பொதிந்து மறைத்துக் கொடுத்தால், அந்தப் பொதியே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும். தலைவலி மாத்திரை வாங்கினாலும் அதே ஒளி ஊடுருவாத பைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தி அனுப்பினால் 'உங்கள் ஆர்டர் தயார்' என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம், அந்த போன் யார் கையில் இருக்கிறதோ! போன் எண்ணைச் சொல்லி வாங்கும்போதெல்லாம் புள்ளி சேர்க்கும் சலுகைத் திட்டம் இருந்தால் இன்னும் கவனம். வீட்டில் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள், பிறகு ஒருவர் வாங்கியதை இன்னொருவர் பட்டியலில் பார்ப்பார்.

பிற்பாடு நான் பொறுப்பேற்ற கடையில் இந்த அட்டை முறையைக் கொண்டுவந்தேன். பெண்களை நினைத்துத்தான் அச்சடித்தேன். இரண்டு வாரம் கழித்து, நடுவயது ஆள் ஒருவர் அடுக்கெல்லாம் தேடிவிட்டு வந்து, மூலத்துக்குக் களிம்பு கேட்க அட்டை கிடையாதா என்று காதருகே கேட்டார். அடுத்த முறை அச்சடித்தபோது அதையும் சேர்த்தேன். முதலில் தேய்ந்து போனது அந்த அட்டைதான்.